அலமாரியில் 211 புத்தகங்கள் என்னுடையவை அல்ல: என்ன செய்வது?

அயனிப்பலகை (தக்கலை)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வழக்கோடு வந்திருக்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் புத்தகம் சேர்ப்பவனுக்கு ஆண்டுக்கு இரண்டு எதிரிகள். ஜூனில் இறங்கும் தென்மேற்கு மழை ஒன்று, அக்டோபரில் வரும் வடகிழக்கு மழை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, ஓணத்தை ஒட்டிக் கிடைக்கும் சில வெயில் நாள்களில்தான் அலமாரியைத் திறந்து காற்றாட விட முடியும். இந்த ஆண்டு வராந்தாவில் பாய் விரித்து எல்லாவற்றையும் இறக்கினேன். விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி நோட்டுப் போட்டுக் கணக்கெழுதினாள். மொத்தம் 3,812. அதில் 211 புத்தகங்களில் வேறு ஆள்களின் பெயர் இருக்கிறது. "பாட்டா, இவ்வளவையும் திருடியா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

திருட்டு இல்லை. ஆனால் சொல்லிப் புரியவைப்பது கடினம். நான் அஞ்சல் துறையில் 37 ஆண்டுகள் இருந்தவன். எண்பதுகளில் நம் ஊர்ப் பக்கம் புத்தகம் வந்தது கடையில் அல்ல, வி.பி.பி.யில். சென்னையிலிருந்து பார்சல் வரும். பணம் கட்டி எடுக்க வேண்டும். ஆர்டர் போட்ட அன்று கையில் இருந்த பணம் பார்சல் வரும் நாளில் இருக்காது. ஒரு வாரம் கிடந்துவிட்டுத் திரும்பிப் போகும். அப்படித் திரும்ப இருந்த ஒரு பார்சலுக்குத்தான் முதன்முதலாக நான் பாதிப் பணம் போட்டேன். ஆர்டர் கொடுத்தவர் இரணியல் பக்கம் ஒரு தையல்காரர். "முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு நான்" என்று ஒப்பந்தம். புத்தகம் பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்', மாஸ்கோவின் மீர் பதிப்பகம் தமிழில் போட்டது. தையல் எந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றிக் காட்டி எனக்கு விசையையும் உராய்வையும் பாடம் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏறாத பாடம் அவர் கடை வாசல் பெஞ்சில் ஏறியது.

இந்தப் பாதிப் பண ஏற்பாடு பரவிப் பெரிதாகிவிட்டது. மார்த்தாண்டம் பக்கத்து உபதேசியார் ஒருவர் சேர்ந்தார். 1956 நவம்பர் 1-ல் நாம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு வயது, படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழை வேதாகமத்தில் கற்று, அப்புறம் டால்ஸ்டாய்க்கு வந்தவர். திருவிதாங்கோட்டு ஜவுளிக்கடை பாய் சேர்ந்தார். பஷீரின் 'பால்யகாலசகி'யைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து மலையாளத்தில் வாசித்துக்கொண்டே தமிழில் சொல்லுவார். வாடிக்கையாளர் வந்தால் மீட்டர் கோலைப் பக்கத்துக்குள் வைத்து மூடுவார். சந்தைக்கு வரும் கால்நடை ஆய்வாளர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கதையே ஆகாது. கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் நாவல் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படித்துவந்தார். இப்போது என் அலமாரியைப் பார்ப்பவர்கள் இது ஒரு ஆள் படித்ததா என்று கேட்கிறார்கள். அய்யாவழியினரின் அகிலத்திரட்டுக்குப் பக்கத்தில் மாட்டு வைத்தியம், அதற்குப் பக்கத்தில் செகாவ், அடுத்து விண்மீன் படம். ஏனென்றால் நான் பொருள் வாரியாக அடுக்குவதில்லை. உபதேசியார் தட்டு, தையல்காரர் தட்டு, பாய் தட்டு என்றுதான் அடுக்கியிருக்கிறேன்.

இவர்களில் இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை. பாதி என் பணம், பாதி அவர்கள் பணம், பெயர் அவர்களுடையது, இடம் என் வீடு. வாரிசுகளிடம் கொடுக்க வேண்டுமா?

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் கொடுத்துத் திரும்பாதவையும் உண்டு. டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த 'போரும் வாழ்வும்' நூலின் இரண்டாம் தொகுதியை உபதேசியார் வாங்கிப் போனார். கேட்டபோதெல்லாம் "கொடுத்தாயிற்றே" என்றார். எனக்குக் கொடுக்கவில்லை. பொய் சொல்கிற மனிதர் அல்ல என்பதால்தான் கோபம் அதிகமாயிற்று. ஆறு ஆண்டுகள் பேசவில்லை. 2009-ல் அவர் இறந்தபோது அடக்கத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

பூதப்பாண்டி வாசகன்

அண்ணாச்சி, இது நம் மண்ணுக்குப் பழக்கமான வழக்குதான். சொத்து மகனுக்கா மருமகனுக்கா என்று நாஞ்சில் நாட்டில் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டு, 1926-ல் சட்டம் போட்ட பிறகுதான் ஓய்ந்தார்கள். அந்தக் கூத்தை வைத்துத்தானே தேரூரில் பிறந்த கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார்? புத்தகத்துக்கு மக்கள்வழியும் வேண்டாம், மருமக்கள்வழியும் வேண்டாம். படித்தவர் வழி போதும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற நூலகர்

பூதப்பாண்டித் தம்பி விளையாட்டாகச் சொல்கிறார். நான் விதிப்படி சொல்கிறேன். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. உங்கள் வீட்டில் இந்த 211 நூல்களுக்கும் இப்போது வாசகர் யார்? உங்களுக்கு எழுபது தாண்டியிருக்கும். மறுபடி படிக்கப்போகிறீர்களா?

அடுக்குமுறை பற்றி ஒரு வார்த்தை. நூல்களை வகைப்படுத்த ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பில் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்கள் உண்டு. உங்கள் பகுப்பில் முதல் முகம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் ரங்கநாதன் நினைக்காத அர்த்தத்தில். நூலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குக் கை அரிக்கிறது.

இன்னொன்று. அந்த 211-ல் பொது நூலகப் புத்தகம் ஏதாவது உண்டா? முதல் பக்கத்தில் முத்திரை இல்லாவிட்டால் இல்லை என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் குத்துவோம். அது எந்தப் பக்கம் என்பதை நாங்கள் வெளியே சொல்வதில்லை.

அயனிப்பலகை (தக்கலை)

நூலகர் ஐயா, மூன்று இருக்கின்றன. இப்போதுதான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். அபராதம் எவ்வளவு வரும் என்று மட்டும் கணக்குப் போட வேண்டாம்.

துருசுக்காரன் (குலசேகரம்)

விவாதத்துக்குள் நான் வரவில்லை. எனக்கு ஒரு பயன்பாட்டுக் கேள்வி. அண்ணாச்சி, நாற்பது ஆண்டுப் புத்தகங்களை இரண்டு மழையில் எப்படிக் காப்பாற்றினீர்கள்? என்னிடம் 400 புத்தகங்கள்தான் இருக்கின்றன. சுற்றிலும் ரப்பர், காற்றே ஈரம். இராமபாணப் பூச்சி அட்டையின் ஓரத்தை வழித்துத் தின்கிறது. போன ஆண்டு சிதல் ஏறி ஒரு தட்டையே மண்ணாக்கிவிட்டது. (நாகர்கோவில்காரர்களுக்கு: சிதல் என்றால் கறையான். சிரிக்க வேண்டாம், நாலடியாரிலேயே 'சிதலை' என்ற சொல் இருக்கிறது.)

அயனிப்பலகை (தக்கலை)

தம்பி, என் பெயரிலேயே பதில் இருக்கிறது. அயனி மரப் பலகையில் சிதல் எளிதில் வாய் வைக்காது. தேக்குக்கு வசதி இல்லாத காலத்தில் பழைய வள்ளத்தின் (படகின்) பலகையை வாங்கி ஆசாரியை வைத்து அடித்தேன். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்த வேண்டும். கால்களைக் கிண்ணத்தில் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினேன், வீட்டில் திட்டு வாங்கினேன். வசம்பைத் துணியில் முடிந்து மூலைக்கு ஒன்று வைப்பேன். அந்துருண்டை வேண்டவே வேண்டாம், புத்தகத்தைத் திறந்தால் துணிப்பெட்டி வாசம் வரும்.

ஆனால் முக்கியம் பசை. இராமபாணம் எழுத்தைத் தின்ன வருவதில்லை, மைதாவைத் தின்ன வருகிறது. தையல்காரர் சொந்தமாகவே பைண்டிங் செய்வார். பசை காய்ச்சும்போது துருசு (மயில்துத்தம்) ஒரு சிட்டிகை போடுவார். தையல் நூலால் பாரம் பாரமாக (மடித்த தாள்கட்டு ஒவ்வொன்றாக) தைத்து, பள்ளிக்கூடச் சீருடையில் மிச்சமான காக்கித் துணியை முதுகில் ஒட்டுவார். என் வீட்டில் காக்கி முதுகோடு இருப்பவை எழுபதுக்கு மேல். ஒன்றைக்கூடப் பூச்சி தொடவில்லை.

துருசுக்காரன் (குலசேகரம்)

துருசா! மழைக்கு முன்னால் ரப்பர் இலையில் அடிப்பதற்காக மூட்டையாகவே வைத்திருக்கிறேன். அது என் புத்தகத்துக்கும் மருந்து என்று ஒருவரும் சொல்லவில்லையே.

ஷார்ஜாவிலிருந்து (சொந்த ஊர் தேங்காய்ப்பட்டணம்)

பூச்சி பிடித்த புத்தகத்தை பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் (ஃபிரீசரில்) சில நாள் வைத்தால் முட்டை உட்படச் செத்துப்போகும். எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்து நனைந்துவிடும். இங்கே பலரும் செய்கிறோம். ஊரில் உம்மாவிடம் சொன்னேன். "அதில் சாளை மீன் இருக்கிறது, உன் புத்தகத்துக்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர்க்காரர் தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' எனக்கு இப்படித்தான் பிழைத்தது. 1997-ல் அதற்குச் சாகித்திய அகாடமி விருது வந்தபோது வாப்பா ஐந்து பிரதிகள் வாங்கிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார். ஐந்தில் ஒன்றையும் எவரும் படிக்கவில்லை. எல்லாம் அழகாக இருக்கின்றன.

கோட்டாறு பழையபுத்தகம்

நான் பழைய பேப்பர், பழைய புத்தகம் எடுக்கிற கடை வைத்திருக்கிறேன். வாரிசுக்குக் கொடுப்பதா என்று பேசுகிறீர்கள். வாரிசு நேரே என்னிடம் வருவார், அவ்வளவுதான். எடைக்கு எடுக்கிறவன் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

ஒன்று கவனித்திருக்கிறேன். மூட்டையாகக் கொண்டுவரும்போது பெரும்பாலும் பெயர் எழுதிய முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். அப்பா பெயரைத் தெருவில் போடக் கூடாது என்ற மரியாதை. எனக்கு அதனால் விலை குறையும். 'எழுத்து' பத்திரிகையின் பழைய இதழ்கள் ஒருமுறை இப்படித்தான் வந்தன. சி.சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிச் சில நூறு பிரதிகள் அச்சிட்ட பத்திரிகை. அட்டையே இல்லை. அட்டை இருந்திருந்தால் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்தியிருப்பேன்.

குளச்சல் டீச்சர்

பெயர்ப் பக்கத்தைக் கிழித்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்பா துறைமுகத்தில் கணக்கராக இருந்தவர். அவர் இறந்த இரண்டாம் மாதம் வீட்டை மாற்ற வேண்டியிருந்தது. கைக்குழந்தை, வேலை, வாடகை. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டோம். கையெழுத்து உள்ள பக்கங்களை மட்டும் கிழித்து ஒரு காக்கி உறையில் போட்டு வைத்தேன். 23 பக்கங்கள். எல்லாவற்றிலும் அவர் பெயர், தேதி, வாங்கிய ஊர். எந்தப் பக்கம் எந்தப் புத்தகத்தினுடையது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சி, நீங்கள் வாரிசுகளிடம் கேளுங்கள். கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். அவர்கள் என்ன பதில் சொன்னாலும் பரவாயில்லை. என்னை ஒருவரும் கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன்.

பூதப்பாண்டி வாசகன்

டீச்சர், மன்னிக்க வேண்டும். நான் விளையாட்டாக எழுதியது இப்போது எனக்கே பிடிக்கவில்லை.

ஆனாலும் ஒரு சேகரிப்பைப் பிரித்துக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா சேர்த்ததெல்லாம் அவர் 1992-ல் மறைந்த பிறகு மொத்தமாக இருந்ததால்தான் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைக்க முடிந்தது. புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் ஒரு தம்பதியின் உழைப்பில் உருவானது. ஆளுக்கு நாலாகப் பிரித்திருந்தால்?

ஓய்வுபெற்ற நூலகர்

அவை அரிய நூல்கள். அச்சில் இல்லாதவை, வேறெங்கும் கிடைக்காதவை. அண்ணாச்சியுடையதில் பெரும்பகுதி இன்றும் கடையில் கிடைக்கும் நூல்கள். கோபிக்கக் கூடாது.

அயனிப்பலகை (தக்கலை)

கோபம் இல்லை ஐயா. உண்மை அதுதான். என்னிடம் அரியது என்று சொன்னால் பாயின் ஓரக்குறிப்புகள் மட்டும்தான். தமிழ்ப் புத்தகத்தின் ஓரத்தில் மலையாள எழுத்தில் குறிப்பு எழுதுவார். என் பேத்திக்கு இரண்டு எழுத்தில் ஒன்று தெரியாது. பாயின் பேரனுக்கு மற்றொன்று தெரியாது. இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்தால்தான் அந்தப் பக்கம் முழுதாகும்.

இந்த ஊரில் இது புதிதும் அல்ல. சுந்தர ராமசாமி தமிழ் எழுதப்படிக்கக் கற்றதே பதினெட்டு வயதில். தகழியின் 'செம்மீ'னைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திக்கொண்டே இதையெல்லாம் செய்தார். பாய் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். "பார்த்தீரா, ஜவுளிக்காரன் லேசான ஆள் இல்லை" என்பார்.

டீச்சர் சொன்னபடியே செய்யப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அவர் பெயரில் 14 இருக்கின்றன.

துருசுக்காரன் (குலசேகரம்)

போய்விட்டு வந்து எழுதுங்கள் அண்ணாச்சி. மூன்று நாளாக இழை அப்படியே நிற்கிறது.

அயனிப்பலகை (தக்கலை)

போய்விட்டு வந்தேன். எழுத இரண்டு நாள் ஆயிற்று.

தையல்காரர் 2019-ல் காலமானார். மகள்தான் அந்த வீட்டில் இருக்கிறாள். தையல் எந்திரமும் இருக்கிறது, மோட்டார் வைத்திருக்கிறாள். 14 புத்தகங்களையும் திண்ணையில் வைத்து விவரம் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். படிக்கவில்லை, முதுகுத் தையலைப் பார்த்தாள். "இது அப்பா தைத்தது, இது அப்பா தைத்தது இல்லை" என்று பிரித்துக்கொண்டே போனாள். பெரல்மானை மட்டும் எடுத்துக்கொண்டாள். மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறானாம். மற்றவை உங்களிடமே இருக்கட்டும் மாமா என்றாள்.

பிறகு மரச்சீனிக் கிழங்கு அவித்ததும் மீன் குழம்பும் வைத்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய் ஒரு சாக்கு மூட்டையை இழுத்துவந்து, "உங்கள் பெயர் போட்டது ஒன்பது கிடக்கிறது, கொண்டுபோக வேண்டாமா?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மற்றவர்கள் பெயர் எழுதிய 211-ஐ எண்ணினேனே தவிர, என் பெயர் எழுதியவை எத்தனை வீட்டில் இருக்கின்றன என்று எண்ணவில்லை.

ஒன்பதில் ஏழாவது, 'போரும் வாழ்வும்' இரண்டாம் தொகுதி. காக்கி முதுகு. தைத்து, பசை காய்ந்து, ஓரம் வெட்டி, எல்லாம் முடிந்த புத்தகம். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. தையல்கடைகளில் துணியோடு குத்தி வைப்பார்களே, அளவு எழுதிய சீட்டு, அதே மாதிரி. உபதேசியார் பெயர், "பைண்டிங்", அடியில் "தபால் சாரிடம் கொடுக்க".

கொடுத்தாயிற்று என்று அவர் சொன்னது தையல்காரரிடம் கொடுத்ததை. முதுகு பிய்ந்திருந்த புத்தகத்தை அப்படியே திருப்பித் தர மனம் இல்லாமல், தைக்கக் கொடுத்திருக்கிறார். தையல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், தீபாவளிச் சட்டையைக் கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பவர். வாரம் தவறாமல் அந்தக் கடைப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். உபதேசியாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதை அவரிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே எழுந்து தேடியிருப்பார்.

குளச்சல் டீச்சர்

அண்ணாச்சி, உபதேசியாருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?

அயனிப்பலகை (தக்கலை)

ஒரு மகன், மார்த்தாண்டத்தில். பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான். உபதேசியார் தட்டில் அவர் பெயரோடு 38 புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைக் கட்டிவிட்டேன். இந்தத் தொகுதியையும் மேலே வைத்திருக்கிறேன். அது என்னுடையது, கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதைக் காட்டாமல் மற்றதைக் கொடுத்துவிட்டு வர முடியாது. போய் எதிலிருந்து பேச்சைத் தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர்

சீட்டைக் காட்டுங்கள். சீட்டிலிருந்து தொடங்குங்கள்.

கோட்டாறு பழையபுத்தகம்

38 புத்தகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள். சனிக்கிழமை என் வண்டி மார்த்தாண்டம் வரை காலியாகத்தான் போகிறது. தக்கலையில் எங்கே நிற்பீர்கள் என்று சொல்லுங்கள்.

அயனிப்பலகை (தக்கலை)

தலைமை அஞ்சலகத்து எதிரில் நிற்கிறேன். காலை ஏழு மணிக்குச் சரியாக இருக்குமா?

துருசுக்காரன் (குலசேகரம்)

இங்கே மழை தொடங்கிவிட்டது. தார்ப்பாய் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.